புதிய ஆசிரியப் பயிற்றுநருக்குப் பன்னிரண்டு சொல்

வட்டார வள மையத்தில் இப்போதுதான் பணியேற்றிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

நேற்றுவரை உங்களுக்கென்று ஒரு வகுப்பு இருந்தது. இனி வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போக வேண்டும். பிறர் பாடம் நடத்துவதைப் பார்த்து, பிள்ளைகளைக் கேட்க விடுங்கள், யோசிக்க விடுங்கள், செய்து பார்க்க விடுங்கள் என்று பக்குவமாகச் சொல்ல வேண்டும். பயிற்சி நடக்கும் இடத்தில் இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மதியம் டீ, வடை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. திங்கட்கிழமை வகுப்பில் பழைய பாடமே பழைய மாதிரியே நடக்கும். கூடத்தில் கேட்டது வகுப்புக்குள் இறங்க வேண்டுமானால், பிறகும் வகுப்புக்கே வந்து துணை நிற்க ஒருவர் வேண்டும் என்று அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இருவர் 1980களிலேயே எழுதினார்கள். அந்த ஒருவர் இனி நீங்கள்.

எனக்குப் பணி முடிந்துவிட்டது. கைவசம் இருப்பதை எழுதித் தருகிறேன். எண் போட்டிருக்கிறேனே தவிர, இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும் என்றில்லை.

1. முதல் தடவை போகும்போது படிவத்தை வண்டிப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

வெளியாள் ஒருவர் வகுப்புக்குள் வந்தால் நம் பள்ளிகளில் அதற்குப் பெயர் 'பார்வை'. பாடக்குறிப்பு எழுதியாயிற்றா, பதிவேடு சரியாக இருக்கிறதா, பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிறார்களா என்று தேட வருகிறவர் என்றுதான் உங்களையும் நினைப்பார்கள். நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பாடம் மாறியிருக்கும். நன்றாக வாசிக்கிற பிள்ளை எழுந்து நிற்கும். போன வாரம் நடத்தி முடித்த பாடம் மறுபடி நடக்கும். கேள்வி முடிவதற்குள் விடை வந்து விழும். அன்று நீங்கள் எழுதுகிற எதுவும் அந்த வகுப்பைப் பற்றியதாக இருக்காது.

பதவியில் நீங்கள் பட்டதாரி ஆசிரியருக்குச் சமம். ஒரு படிகூட மேலே இல்லை. யாருக்கும் மெமோ கொடுக்க முடியாது. இதைக் குறையாக நினைத்து, அதிகாரி மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு இது பெரிய வசதியாகத்தான் பட்டது. பயத்தில் மாறுகிற வகுப்பு, நீங்கள் கேட்டைத் தாண்டியதும் பழையபடி ஆகிவிடும். ஆகவே முதல் இரண்டு மூன்று தடவை சும்மா உட்காருங்கள். ஆசிரியரின் நாற்காலியும் வேண்டாம், கடைசி பெஞ்சும் வேண்டாம். கடைசியில் உட்கார்ந்தால் பிள்ளைகளின் முதுகுதான் தெரியும். ஜன்னல் ஓரமாக, முகங்கள் தெரிகிற பக்கவாட்டில், பாயோ பெஞ்சோ பிள்ளைகள் எதில் இருக்கிறார்களோ அதிலேயே இருங்கள்.

2. கண் பிள்ளைகள் மேல் இருக்கட்டும்.

நான் சொல்ல வேண்டியது உண்மையில் இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் இதன் கிளைகள். ஆசிரியர் எங்கே நின்றார், கரும்பலகையை எப்படிப் பயன்படுத்தினார், துணைக்கருவி கொண்டுவந்தாரா என்றெல்லாம் பார்த்துக் கட்டத்தில் டிக் அடிக்கலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன பேசினாலும், கேட்கிறவருக்கு அது தன்னைப் பற்றிய தீர்ப்பாகத்தான் காதில் விழும். இருபது வருடம் பாடம் எடுத்த ஒருவரிடம், 'நீங்க ரொம்ப நேரம் பேசுறீங்க' என்று நேற்று வந்த நீங்கள் சொன்னால், அவர் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

அதற்குப் பதில் இரண்டு பிள்ளைகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். முதல் வரிசைக் கெட்டிக்காரர்கள் வேண்டாம். பாடவேளை முழுவதும் அந்த இருவர் என்ன செய்தார்கள், பக்கத்துப் பிள்ளையிடம் என்ன முணுமுணுத்தார்கள், எப்போது எழுதுவதை நிறுத்தினார்கள் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் குறியுங்கள். சொன்னது சொன்னபடி, அவர்களுடைய பேச்சிலேயே எழுதுங்கள். 'மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்' என்று எழுதத் தோன்றினால் பேனாவை மூடிவிடுங்கள்.

எந்த ஆசிரியருக்கும் தன் வகுப்பில் தானே பார்க்க முடியாத ஒரு பக்கம் உண்டு. அவர் கையில் புத்தகம், முன்னால் நாற்பது பேர், அடுத்து என்ன சொல்வது என்ற யோசனை. மூன்றாவது வரிசையில் ஒருவன் சொன்னது அவர் காதில் விழாது. அதை நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். அவருக்கும் அது வேண்டியதுதானே.

3. வகுப்பு முடிந்ததும் கருத்துச் சொல்லாதீர்கள். பிள்ளை சொன்னதை வாசித்துக் காட்டுங்கள்.

ஒரு நடுநிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பு, காற்றுப் பாடம். தட்டில் தண்ணீர், நடுவே மெழுகுவத்தி, பற்றவைத்து மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தார் டீச்சர். சுடர் சுருங்கி அணைந்தது. டம்ளருக்குள் தண்ணீர் ஏறியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். 'ஏன் ஏறுச்சு? உள்ள இருந்த ஆக்சிஜன் எரிஞ்சு தீர்ந்துபோச்சு. காத்துல அஞ்சுல ஒரு பங்கு ஆக்சிஜன். அந்த இடத்துக்குத் தண்ணி வந்துடுச்சு.' எழுதிப் போட்டார். எல்லோரும் எழுதினார்கள்.

சோதனை செய்து காட்டியிருக்கிறார், பிள்ளைகள் மகிழ்ந்திருக்கிறார்கள், துணைக்கருவி உண்டு. எந்தப் படிவத்திலும் இந்த வகுப்புக்கு முழு மதிப்பெண் விழும். ஆனால் எழுதிக்கொண்டிருந்த ஒரு பையன் தலையைத் தூக்கி, 'டீச்சர், அணைஞ்ச பொறகுதான தண்ணி ஏறுச்சு?' என்றான். டீச்சர், 'சரி சரி, எழுது' என்றார். அவன் எழுதினான்.

ஓய்வறையில் உட்கார்ந்ததும் அந்த ஒரு வரியை வாசித்துவிட்டு, நீங்கள் சும்மா இருக்க வேண்டும். இதுதான் கஷ்டம். எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள நாக்கு துடிக்கும். அந்த டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'ஆக்சிஜன் தீர்ந்ததாலன்னா எரியும்போதே கொஞ்சம் கொஞ்சமா ஏறணும்ல சார்?' என்றார். அவ்வளவு போதும். அதன்பிறகு பேச்சு தானாக ஓடியது. டம்ளரைக் கவிழ்த்தபோது ஓரத்தில் குமிழி வந்ததே, அது என்ன? மூன்று மெழுகுவத்தி வைத்தால் தண்ணீர் எவ்வளவு ஏறும்? டம்ளரும் அதிலிருக்கிற காற்றும் அதே அளவுதான். ஆக்சிஜன்தான் காரணம் என்றால் அளவு மாறக் கூடாது. அடுத்த வகுப்பில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்துப் பார்த்தார்கள். மூன்று வைத்தபோது தண்ணீர் நன்றாக மேலே போனது. சூட்டில் காற்று விரிந்து கொஞ்சம் வெளியே போய்விடுகிறது; சுடர் அணைந்து காற்று குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது என்ற இடத்துக்குப் பிள்ளைகள் முக்கால்வாசி தாமாகவே வந்தார்கள். கடைசிக் கால்வாசியை டீச்சர் சொன்னார். சொல்ல வேண்டியதுதான். உள்ளே ஆக்சிஜன் முழுதும் தீர்வதற்கு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது என்பதையெல்லாம் ஆறாம் வகுப்பு டம்ளரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

அந்த டீச்சரிடம் 'விசாரணை முறைக் கற்றல்' என்று ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை. அவரை மாற்றியது நானும் இல்லை. அந்தப் பையன்.

4. ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்று.

குழுவாக உட்கார வையுங்கள், திறந்த கேள்வி கேளுங்கள், பிள்ளைகளே வினா எழுதட்டும், கருத்து வரைபடம், மதிப்பீடு என்று ஐந்தை ஒரே நாளில் கொடுத்தால் ஐந்தும் போகும். ஒன்றைக் கொடுத்து, அடுத்த மாதமும் அதைப் பற்றியே பேசுங்கள்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், கேள்வி கேட்டுவிட்டுப் பொறுத்திருப்பது என்பேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அம்மையார் அறிவியல் வகுப்புகளை ஒலிநாடாவில் பதிவுசெய்து நேரம் பார்த்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். பிறகு தாமே விடை சொன்னார்கள், அல்லது அடுத்த பிள்ளைக்குப் போனார்கள். அதை மூன்று விநாடியாக்கியபோது விடைகள் நீண்டன. வாய்திறக்காத பிள்ளைகள் பேசினார்கள். பிள்ளைகளே கேள்வி கேட்பது கூடியது. விடை வந்த பிறகும் மூன்று விநாடி பொறுத்தால் இன்னும் நல்லது. உடனே 'வெரிகுட்' என்று சொல்லாமல் இருந்தால் அந்தப் பிள்ளை தொடர்ந்து பேசும், அடுத்த பிள்ளை மறுக்கும். 1974இல் வந்த ஆய்வு. எந்தச் செலவும் இல்லாத வழிகளில் இதைவிட நல்லதாக இன்னொன்றை நான் பார்க்கவில்லை.

நம் வகுப்புகளில் இதற்கு ஒரு தனி எதிரி உண்டு: கோரஸ். 'புரிஞ்சுதா?' 'புரிஞ்சுது சாஆஆர்.' 'சூரியன் கிழக்கே...?' 'உதிக்கும்.' வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பிள்ளைகளிடம் விட்டு நிரப்பச் சொல்வது ஆசிரியருக்கு வகுப்பு உயிரோடு இருப்பதாகத் தோன்றச் செய்யும். அதில் யாருக்கு என்ன தெரியும் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. கோரஸை நிறுத்தச் சொல்லிப் போராடாதீர்கள். ஒரு பாடவேளைக்கு ஒரே ஒரு கேள்விக்கு மட்டும், 'யாரும் வாய்திறக்க வேண்டாம், முதலில் நோட்டில் எழுதுங்க, அப்புறம் பக்கத்துல காட்டுங்க' என்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த நாற்பது நோட்டை ஆசிரியர் ஒரு சுற்று பார்த்தாலே கோரஸ் மேல் இருந்த நம்பிக்கை தளர்ந்துவிடும்.

5. நீங்களும் வகுப்பெடுங்கள்.

'ஒரு தடவை நீங்க எடுத்துக் காட்டுங்க சார்' என்று ஆசிரியர் கேட்பார். பாதி சோதிக்கத்தான். தட்டாதீர்கள். ஆனால் வீட்டில் மூன்று நாள் செய்த சார்ட்டும் பொம்மையுமாகப் போய் அசத்தக் கூடாது. அசத்தினால், 'உங்களுக்கு நேரம் இருக்கு, செய்யுறீங்க' என்பார். அதில் நியாயமும் இருக்கும். அன்றைக்கு அந்த வகுப்பில் வரவேண்டிய பாடம் எதுவோ அதையே, பள்ளியில் கிடைக்கிற சாமானை வைத்தே எடுங்கள். ஆசிரியரிடம் உங்கள் நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, இரண்டு பிள்ளைகளைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். வகுப்பு நன்றாக அமையாவிட்டாலும் பாதகமில்லை. அப்போதுதான் பிறகு இருவரும் சமமாக உட்கார்ந்து பேச முடியும்.

6. 'போர்ஷன் முடியாது சார்' என்பதைச் சாக்கு என்று நினைக்காதீர்கள்.

அது கணக்கு. பருவத்துக்கு இத்தனை பாடம், இத்தனை வேலைநாள். நடுவில் பயிற்சி, தேர்தல் பணி, இலவசப் பொருள் விநியோகம், விளையாட்டு விழா. மெழுகுவத்தியை மூன்று தடவை கொளுத்தினால் இரண்டு பாடவேளை போகிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் பேசுகிற பயிற்றுநரை ஆசிரியர் மனத்துக்குள் ஒதுக்கிவிடுவார்.

பருவத் தொடக்கத்தில் ஆசிரியரோடு பாடநூலை விரித்துவைத்து உட்காருங்கள். எதைச் சொல்லிக் கொடுத்தால் போதும், எதைப் பிள்ளைகள் தேடிப் பிடிக்க வேண்டும் என்று பென்சிலால் குறியுங்கள். எழுத்தின் வடிவம், வேதிப்பொருளின் பெயர், நதி எந்தக் கடலில் கலக்கிறது என்பதெல்லாம் சொன்னால் முடிந்தது. 'ம' ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்று குழுவில் விவாதித்து யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மிதப்பதும் மூழ்குவதும், நிழல் நீள்வதும் குறுகுவதும், பின்னத்தில் கீழ் எண் பெரிதானால் பங்கு ஏன் சிறிதாகிறது என்பதும் அப்படி இல்லை. அங்கே சொன்னால் ஒட்டாது. ஒரு பருவத்துக்கு ஒரு பாடத்தில் மூன்று நான்கு இடம் தேறினால் போதும். ஆசிரியர் எதையுமே சொல்லித் தரக் கூடாது என்று உற்சாகத்தில் பேசிய பயிற்சிகள் நடந்திருக்கின்றன. அவற்றால் இந்த முறைக்குக் கெட்ட பெயர் வந்ததுதான் மிச்சம். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைக்கு வீட்டில் சொல்லித்தர ஆளில்லை. பள்ளியிலும் சொல்லித்தராவிட்டால் அது எங்கே போகும்?

7. வட்டமாக உட்கார்ந்தால் குழு ஆகிவிடாது.

ஒரு பிள்ளை எழுதும், மூன்று பிள்ளைகள் பார்க்கும். வேலையை அப்படிக் கொடுத்திருப்போம். ஒருவரே முடித்துவிடக்கூடிய வேலைக்குக் குழு எதற்கு? இன்னொன்றையும் கவனியுங்கள். அறிவியல் சாமான் யார் கையில் இருக்கிறது, நோட்டு யார் கையில் இருக்கிறது? பெரும்பாலும் பையன்கள் கம்பியை இணைப்பார்கள், பெண்பிள்ளைகள் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருப்பார்கள். யாரோடு யார் உட்கார மறுக்கிறார்கள் என்பதும் கண்ணில் படும். தெருப் பெயர் தெரிந்தால் காரணமும் புரிந்துவிடும். இதை எல்லோர் முன்பும் சொல்லாதீர்கள். ஆசிரியரிடம் தனியாக, உங்கள் குறிப்பை வைத்துக்கொண்டு பேசுங்கள். குழுவை யார் பிரிக்கிறார்கள் என்பதை மாற்றினாலே பாதி சரியாகும்.

8. உங்களுக்கு முன்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு போங்கள்.

'இதெல்லாம் எத்தனையோ பார்த்தாச்சு சார்' என்று ஒரு மூத்த ஆசிரியர் சொல்வார். அவர் சொல்வது நிஜம். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் ஆரம்பித்தது. ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷிவேலி பள்ளிக்காரர்கள் சுற்றுக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டைகளும் கற்றல் ஏணியும்தான் அதற்கு மூலம். மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதைப் பிடித்துக்கொண்டார்; பிறகு அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்கு வந்தபோது 2007-08இல் மாநிலம் முழுவதும் போனது. மேல் வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி. 2012-13இல் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு: வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. வளரறி என்ற பெயரில் பிள்ளைகள் ஸ்டேஷனரி கடையில் படம் வாங்கிச் சார்ட்டில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். செயல்பாட்டை விடப் பதிவேடு தடித்தது. 2022இல் எண்ணும் எழுத்தும். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. அதே ஆண்டு இறுதியில் வானவில் மன்றம்.

இவ்வளவையும் பார்த்தவரிடம் நீங்கள் போய் 'புதிய அணுகுமுறை' என்றால் சிரிப்பார். அவரிடம் வேறு கேள்வி கேளுங்கள்: 'அதுல எதை சார் இன்னும் வச்சிருக்கீங்க?' பல வகுப்புகளில் கீழ்மட்டக் கரும்பலகை இன்னும் இருக்கும். கம்பிப் பந்தலில் பிள்ளைகளின் படங்கள் தொங்கும். அட்டைகள் பீரோவுக்குப் போன பிறகும், பிள்ளைகளோடு பாயில் உட்காரும் பழக்கத்தை விடாத ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாய் சாதாரண விஷயமில்லை. நாற்காலியை விட்டு இறங்கச் சொன்னபோது எத்தனை முணுமுணுப்பு வந்தது என்று அந்தக் காலத்து ஆட்களைக் கேளுங்கள். யாரும் கட்டாயப்படுத்தாமல் எது நிலைத்ததோ அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

மாநிலத்துக்கு வெளியே ஒன்றைப் பற்றியும் தேடிப் படியுங்கள். மத்தியப் பிரதேசத்தில் அன்றைய ஹோஷங்காபாத் மாவட்டம். 1972இல் கிஷோர் பாரதி, ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியலைச் சோதனை வழியாகவே கற்பிக்க ஆரம்பித்தன. 1978இல் மாவட்டம் முழுவதும். 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு பிறகு அதை நடத்தியது. நான்கு பிள்ளைகளுக்கு ஒரு குழு, குழுவுக்குச் சாமான் பெட்டி. டெல்லிப் பல்கலைக்கழகத்தாரும் மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் கிராமத்து வாத்தியார்களோடு உட்கார்ந்து பாடம் எழுதினார்கள். பிள்ளைகள் மனத்தில் தோன்றுகிற எந்தக் கேள்வியையும் சவாலிராம் என்ற கற்பனை ஆளுக்குக் கடிதமாக எழுதலாம், பதில் வரும். மாதாமாதம் ஆசிரியர்கள் கூடி, எந்தச் சோதனை வேலை செய்யவில்லை என்று பேசினார்கள். தேர்வையும் விட்டுவைக்கவில்லை: புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. முறையை மாற்றிவிட்டுத் தேர்வை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு 1970களிலேயே தெரிந்திருந்தது. நாம் இதில்தான் இன்னும் தடுமாறுகிறோம். 2002இல் மாநில அரசு அதை நிறுத்தியது. முப்பது வருடம் ஓடிய ஒன்றை ஓர் உத்தரவில் நிறுத்திவிட முடிந்தது. அந்தக் கதையில் நீங்கள் கவனிக்க வேண்டியது மாதக் கூட்டம். பத்தாவதில் அதற்கு வருகிறேன்.

நம் ஊருக்குத் திரும்பினால், வானவில் மன்றத்துக் கருத்தாளர்கள் அறிவியல் சோதனைப் பெட்டியோடு வரும்போது ஆசிரியர் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார், அல்லது அந்த நேரத்தில் எமிஸ் இணையதளப் பதிவேற்ற வேலையை முடிப்பார். அன்று நீங்களும் போங்கள். ஆசிரியரையும் ஒரு குழுவில் உட்கார வையுங்கள்.

9. தவறான விடைகளை ஆசிரியரோடு சேர்ந்து வாசியுங்கள்.

நான்காம் வகுப்பு நோட்டு. 42லிருந்து 17 போனால் 35. 53லிருந்து 28 போனால் 35. 61லிருந்து 34 போனால் 33. மூன்றுக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி, கீழே 'கவனம் தேவை'. பிள்ளை மிகக் கவனமாகத்தான் செய்திருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது: நான்கில் ஒன்று போனால் மூன்று, ஏழில் இரண்டு போனால் ஐந்து. 'பெரிசுல இருந்துதான் சின்னதைக் கழிக்கணும்' என்று யாரோ என்றைக்கோ சொன்ன விதியைப் பிசகாமல் பின்பற்றுகிறது. இதற்கு மறுபடி பத்துக் கணக்கு கொடுத்தால் பத்தும் இப்படியே வரும். குச்சிக் கட்டைப் பிரித்துக் கொடுத்து, 42 குச்சியில் 17ஐ எடுக்கச் சொன்னால் பிள்ளையே முழிக்கும். அந்த முழிப்புதான் நமக்கு வேண்டும்.

மதிய இடைவேளையில் பத்து நோட்டை வைத்துக்கொண்டு, 'இது ஏன் இப்படிப் போட்டிருக்கும் டீச்சர்?' என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆரம்பத்தில் 'வீட்ல கவனிக்கிறதில்ல' என்ற பதில்தான் வரும். மூன்றாவது நோட்டுக்குள் ஆசிரியருக்கே சுவாரசியம் பிடித்துவிடும். நம் தொழிலில் இவ்வளவு மலிவாக இவ்வளவு சுவாரசியம் வேறெதிலும் கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

10. குறுவள மையக் கூட்டத்தைக் காப்பாற்றுங்கள்.

சனிக்கிழமைக் கூட்டம் என்றாலே பவர்பாயின்ட், மேலிருந்து வந்த வீடியோ, நெட் வராமல் சுற்றுகிற வட்டம். நிகழ்ச்சி நிரல் மேலிருந்துதான் வரும். அதை உங்களால் மாற்ற முடியாது. அதற்குள்ளேயே அரை மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ளலாம். ஓர் ஆசிரியர் ஒரு நோட்டுப் பக்கத்தை, அல்லது வகுப்பில் ஒரு பிள்ளை சொன்ன ஒரு வரியைக் கொண்டுவரட்டும். ஹோஷங்காபாத்தின் மாதக் கூட்டத்தைப் போல மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசட்டும். ஜப்பானில் ஆசிரியர்கள் ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்து, பிறகு கூடிப் பேசுவதைப் பல தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள். நமக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். ஒரு பக்கம் போதும். முதலில் கொண்டுவருகிறவர் ஊரறிந்த நல்லாசிரியராக இருக்க வேண்டாம். அப்படிப்பட்டவர் சரியாக நடந்ததை மட்டும் கொண்டுவருவார். மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

11. தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

யோசிக்கிற வகுப்பில் சத்தம் இருக்கும். பக்கத்து அறையில் எட்டாம் வகுப்புக்குத் தேர்வு நடக்கும். எச்.எம். வாசலில் வந்து நின்று, 'என்ன சந்தையா இது?' என்று ஒரு வார்த்தை சொன்னால், உங்கள் மூன்று மாத வேலை அன்றோடு சரி. வட்டாரக் கல்வி அலுவலர் வருகிற நாள் தெரிந்தால் ஆசிரியரிடமே கேளுங்கள்: அன்றைக்கும் இப்படியே நடத்துவாரா, பழையபடியா? பழையபடி என்றால் விட்டுவிடுங்கள். அவருக்கு அவர் பிழைப்பு.

12. நாளையும் ஆளையும் பத்திரப்படுத்துங்கள்.

உங்கள் நாளை எமிஸ் தின்னும், புள்ளிவிவரம் தின்னும், 'இன்று மாலை ஐந்து மணிக்குள்' என்று வருகிற வாட்ஸ்அப் தின்னும். வாரத்தில் இரண்டு காலைகளை யாருக்கும் கொடுக்காதீர்கள். பத்துப் பள்ளிகளை எட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதைவிட, மூன்று பள்ளிகளுக்குத் திரும்பத் திரும்பப் போவது நல்லது. பார்வை எண்ணிக்கை குறைந்ததென்று மேற்பார்வையாளர் கேட்டால் நாற்பது பக்க நோட்டைக் காட்டுங்கள். எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சிலர் வாங்கி வாசிப்பார்கள்.

இன்னொன்று, கலந்தாய்வு. இரண்டு வருடம் கூட இருந்து பழகிய ஆசிரியர் ஒரு நாள் சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால் எந்தப் பள்ளியிலும் ஒருவரோடு மட்டும் வேலை செய்யாதீர்கள்; அடுத்தடுத்த வகுப்பெடுக்கிற இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போகிறவர் எந்தப் பாடத்தில் எந்தக் கேள்வி கேட்டார், பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று பாடநூல் ஓரத்தில் எழுதியிருப்பார் அல்லவா, அந்தப் பிரதியைப் பள்ளியிலேயே விட்டுப் போகச் சொல்லுங்கள். அவருடைய புதிய பள்ளி எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்றும் கேட்டு, அங்குள்ள பயிற்றுநருக்கு ஒரு போன் போடுங்கள்.